நாற்பத்து மூன்று நொடி மௌனம் குறித்து ஒரு மின் ஆய்வாளரின் விளக்கம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற மின் ஆய்வாளர் ஒருவன் எழுதிக்கொள்வது. தங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சுகமாகவும், ஒயர்கள் எல்லாம் உறையோடும் இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் இசை இதழில், சென்ற மாதம் பன்னிரண்டாம் பக்கத்தில், 'ஏழாம் மூக்கு' என்னும் சைகடெலிக் ராக் குழுவின் மேடைப் பதிவுக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தந்திருந்தீர்கள். அந்தக் குழுவில் கிட்டார் வாசிப்பவள் என் மகள். மற்ற ஆறு மூக்கும் எங்கே என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். புரிந்துகொள்ளக் கூடாது, மிதக்க வேண்டும் என்றாள். நானும் முயன்று பார்த்தேன்.

ஐந்தாம் பாட்டின் நடுவே வாத்தியங்கள் அறுபட்டு நாற்பத்து மூன்று நொடி நீளும் மௌனம், அதில் எழும் முதியவரின் எச்சரிக்கைக் குரல், இறுதியில் விழும் ஒற்றை மர ஒலி, இவை மூன்றும் நம் கால மனிதனின் தனிமையைச் சொல்வதாகத் தங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த முதியவர் நான்.

நடந்தது இதுதான். மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. முன்வரிசை ஓரத்தில், மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தக் கூடத்துக்குப் போனாலும் என் இடம் அதுதான். முப்பத்தொரு வருடம் ஆய்வாளர் வேலை பார்த்தவன், எங்கே பழுது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். நான்கு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதில் பாடகர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், உடம்பு உதறியது, கண் மேலே போயிற்று, வாயில் சொல் வராமல் ஒரு முனகல் மட்டும் வந்தது, அப்படியே மல்லாந்து விழுந்தார், விழுந்தும் மைக்கை விடவில்லை. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு மனுஷன் ஷாக் அடித்துக் கிடக்கிறான், கைதட்டுகிறார்களே என்று எனக்குப் பதறிவிட்டது. மெயினை அணைத்தேன். "யாரும் எதையும் தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க" என்று இருட்டில் கத்தினேன். பக்கத்தில் இருந்த துடைப்பத்தின் மரப்பிடியோடு மேடையேறி, விதிப்படி, மைக்கை அவர் கையிலிருந்து தட்டிவிட்டேன். மர ஒலி அதுதான். அவர் படுத்தபடியே, "ஐயா, நான் நல்லாத்தான் இருக்கேன். இது பாட்டோட முடிவு" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மின்சாரம் போனால் பதிவும் போயிருக்க வேண்டுமே என்று விமர்சகர் கேட்கலாம். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடியது. பேட்டரியில் ஓடட்டும் என்று யோசனை சொன்னவனும் நான்தான்.

வேறு பதிவு இல்லாததால் அதையே வெளியிட்டார்கள். மகள் என்னோடு பேச்சை நிறுத்தினாள். அதன்பின் நடப்பது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் குரலை அடையாளம் கண்டு, அந்த 'தொடாதீங்க' வரியைச் சொல்லச் சொல்கிறாள். சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். டிரம்ஸ்காரர் போன் செய்து, அடுத்த நிகழ்ச்சிக்கும் அதே சட்டையில், அதே துடைப்பத்தோடு வரச் சொல்கிறார். என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டே வைத்துவிட்டாள்.

தங்கள் விமர்சனம் வந்த அன்று மட்டும் மகள் வாய் திறந்தாள். "எட்டு மாசம் நான் சாதகம் பண்ணினதை ஒருத்தரும் கேக்கலப்பா. நீங்க ஒரு ஸ்விட்ச்சை அணைச்சதுக்குத்தான் அஞ்சு நட்சத்திரம்." அதோடு கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இன்று பதினாறாவது நாள்.

ஆகவே திருத்தம் வெளியிடக் கோருகிறேன். அந்த மௌனத்துக்கு அர்த்தம் ஏதும் இல்லை, அது ஒரு ஆய்வாளரின் தவறு. அதற்குப் பதில் விமர்சகர் இரண்டாம் பாட்டைக் கேட்கட்டும். பதினோரு நிமிடம், முழுக்க என் மகள் வாசித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டு மாதம் கேட்டவன் சொல்கிறேன்: ஏழாம் நிமிடத்தில் எல்லாம் அடங்கியபின், அடியில் ஒரு ஸ்வரத்தை விடாமல் இழுத்துப் பிடித்திருப்பாள் பாருங்கள், அதற்கு ஈடு நான் கேட்டதில்லை.

தங்கள் பத்திரிகை தழைக்கட்டும். விமர்சகருக்கு என் வணக்கம். ஈரக் கையோடு ஸ்விட்ச்சைத் தொட வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
கிட்டார் வாசிப்பவளின் தகப்பன்

பி.கு.: மேசைமேல் வைத்திருந்த இந்தக் கடிதத்தை மகள் படித்துவிட்டாள். ஏழாம் நிமிடம் என்று எழுதிய இடத்தில் நிறுத்தினாள். "அப்பா, அது நான் வாசிச்சது இல்ல. என் ஒயர்ல இருக்கற இரைச்சல். எட்டு மாசமா இருக்கு." பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு இழை விட்டிருந்தது. ஆபத்தில்லாத பழுது, ஆனாலும் பழுது. பற்றவைத்துக் கொடுத்தேன். பூட்டைத் திறந்து வாசித்தாள். ஏழாம் நிமிடம் மொட்டையாக இருந்தது. இருவருக்குமே அப்படித்தான் பட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மறுபடியும் பிடுங்கி விடுங்கப்பா" என்றாள். பிடுங்கிவிட்டேன். திருத்தம் வேண்டாம். ஒரு பழுதைத் தெரிந்தே அப்படியே விடுவது எனக்கு இதுவே முதல்முறை. இதை எழுதும்போது அடுத்த அறையில் ஆறாம் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.