எட்டாம் எண்ணும் பச்சைக் கண்ணாடியும்

பெருமாள்புரம்,
பாளையங்கோட்டை.
வியாழக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த எப்சி அக்காவுக்கு, உன் தம்பி அப்பாத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் பியூலாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் பேச்சினால் காதுவலி, மற்றபடி குறையில்லை. கோயம்புத்தூரில் நீயும் மருமகன் ஜாபேஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உன் கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதை ஜாபேஸ் போனில் சொன்னான். நரம்பு வாடிக்கொண்டே வருகிறதாம், சொட்டு மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகுமாம், ஆனால் நிற்காதாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "மூணாவது தடவ ரசம் வாங்கிக்கிட்டுத்தான் இறங்கலைங்கியளா?" என்று பியூலா கேட்டாள். அதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

நீ கேட்டது ஒரே ஒரு போட்டோ. முக்கூடலில் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தபோது நாம் வாடகைக்குக் குடியிருந்த வீடு, அதன் தெரு ஜன்னல், ஜன்னலுக்கு மேலே அரைவட்டத்தில் ஐந்து கண்ணாடி, நாலு நீலம், ஒன்று பச்சை. "அந்தப் பச்சைக் கண்ணாடி இன்னும் இருக்கான்னு பாத்து எடுத்து அனுப்புலே. பழைய வீட்டையெல்லாம் இடிச்சுத் தள்ளுதாங்க. வீடும் இருந்து என் கண்ணும் இருக்கும்போதே பாத்துக்கிடுதேன்" என்று ஈஸ்டருக்கு மறுநாள் சொன்னாய். இப்போது ஆகஸ்டு. முக்கால் மணி நேர பஸ் பயணத்துக்கு நாலு மாதமா என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும்.

அக்கா, முப்பத்துநாலு வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன் ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்ய முடியுமா? போனில் எடுத்தால் போதும் என்றாய். போனில் எடுப்பதெல்லாம் படமா? ஸ்டுடியோக்காரரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். வாங்கிய கையோடு நம் வீட்டில் போய்க் கைப்பழக்கம் பார்ப்பது சரியல்ல, முதலில் வேறு பழைய கட்டடங்களில் பழகுவோம் என்று ஆற்றங்கரையோடு கிளம்பினேன். கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, நான் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் இருந்ததில் பாதி இல்லை. மச்சு வீடு நின்ற இடத்தில் மொபைல் கடை, வண்டிப்பேட்டை இருந்த இடத்தில் ஏ.டி.எம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மிச்சம் இருப்பதையாவது படத்தில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

படம் எடுத்தால் போதாது, பதிவு வேண்டும். எண் இல்லாத கல்லை எந்த சர்வேயரும் கல்லென்று ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகையால் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கி, ஒவ்வொரு கட்டடத்தின் மூலையிலும் முழங்கால் உயரத்தில் ஓர் எண் எழுதினேன். பக்கத்தில், எந்தத் திசையிலிருந்து படம் எடுத்தேன் என்பதற்கு ஓர் அம்புக்குறி. அதே எண்ணையும் அம்புக்குறியையும் நோட்டில் ஏற்றிக்கொண்டேன். வேலை என்றால் அது வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது. பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் நோட்டோடு நின்றபோது பத்து வயது குறைந்துபோனேன்.

ஒன்றாம் எண், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சுடலைமணி என்பவருடைய பலசரக்குக் கடை. அந்தக் காலத்தில் தபால் வண்டி மாடு மாற்றும் கொட்டகை அது, முகப்பில் ஆறு தேக்குத் தூண். படம் எடுத்து, எண் போட்டு வந்தேன். அடுத்த வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் முகப்பையே காணோம். இறங்கிக் கேட்டேன். "கவருமெண்டு வந்து இடிச்சா பத்தடி உள்ள வருவான் அண்ணாச்சி. நாமளே இடிச்சிட்டா மூணடியோட போயிரும்" என்றார் சுடலைமணி. எந்த கவர்மெண்ட், எதற்கு இடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல வேளை, ஒரு வாரம் முந்தினோம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் எண், திருச்செந்தூர் ரோட்டில் பூதலிங்கம் அண்ணாச்சியின் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. சுண்ணாம்புச் சுவர் இரண்டு முழ அகலம், உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் உடம்பு குளிர்ந்துவிடும். பத்தே நாளில் அதை விற்றுவிட்டார். அங்கே இப்போது கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவார வானம் தோண்டுகிறார்கள். கொற்கைக்குப் போன இடத்தில் ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "எங்க வீட்டுக்கும் ஒரு நம்பர் போடுங்க அண்ணாச்சி, அம்பு நல்லா உள்ள தள்ளி இருக்கட்டும்" என்று கெஞ்சினார்கள். சரித்திரத்தின் மேல் இத்தனை ஆசையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் வீடு கட்டி இருபது வருஷம்தான் ஆகிறது, இன்னும் எண்பது போகட்டும் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படியே ஏழு. ஏழில் ஆறு போய்விட்டது. ஒவ்வொன்றும் நான் எடுத்த ஒரு வாரம், பத்து நாளில். சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னேன், நான் மட்டும் இல்லையென்றால் இதற்கெல்லாம் ஓர் அடையாளமே இல்லாமல் போயிருக்கும் என்று. பியூலா மட்டும், "நீங்க போற எடமெல்லாம் எப்படிங்க விழுது? நம்ம வீட்டப் படம் எடுத்திராதிய" என்றாள். அவளுக்கு எப்போதும் என்மேல் ஓர் இளப்பம்.

போன வெள்ளிக்கிழமைதான் முக்கூடலுக்குப் போனேன். இருக்கிறது அக்கா, நம் வீடு இருக்கிறது. உரக்கடை வைத்திருக்கும் அம்பலவாணன் என்பவர் இப்போது சொந்தக்காரர். அன்று வீடு பூட்டிக்கிடந்தது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தூசிக்குப் பின்னால் எது நீலம், எது பச்சை என்று தெரியவில்லை. முறைப்படி மூலையில் எட்டாம் எண் எழுதி, அம்புக்குறி போட்டு, கேமராவைத் தூக்கினால் பேட்டரி தீர்ந்துவிட்டது. சரி, செவ்வாய்க்கிழமை சாவகாசமாக வரலாம் என்று திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாலிபன் என் தொப்பியைப் பார்த்துவிட்டு எழுந்து கும்பிட்டான். சுடலைராஜ் என்று பெயர், ஜேசிபி ஓட்டுகிறான். "அண்ணாச்சி, செவப்பு நம்பர் போடுத ஆபீசர் நீங்கதான? ரோடு அகலப்படுத்தப் போறாவன்னு ஊரெல்லாம் ஒரே பயம். அம்பு எவ்வளவு தூரம் காட்டுதோ அவ்வளவும் போயிரும்னு ஆளாளுக்கு அவங்களே இடிக்காங்க, இல்லைன்னா விக்காங்க. கொற்கைக்காரங்க மட்டும் நஷ்டஈட்டுக்கு ஆசப்பட்டு நம்பர் கேக்காங்க. ஒங்க புண்ணியத்துல ரெண்டு மாசமா எனக்கு ஓய்வே இல்ல" என்று சொல்லி, எனக்கு டீயும் ஒரு முந்திரிக்கொத்தும் வாங்கிக் கொடுத்தான். கடித்த முந்திரிக்கொத்து வாயிலேயே நின்றுவிட்டது. நான் காப்பாற்றியதாக நினைத்த ஆறு கட்டடத்தையும் நானேதான் தள்ளியிருக்கிறேன். ஒரு டப்பா பெயிண்டால். "அடுத்தது எங்கன போட்டிருக்கிய அண்ணாச்சி?" என்று அவன் கேட்டபோதுதான் எட்டாம் எண் ஞாபகம் வந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, நகரத் தொடங்கிய முக்கூடல் பஸ்ஸில் ஓடித் தொற்றினேன். எழுபத்திரண்டு வயதில் செய்யக்கூடாத காரியம், ஜாபேஸிடம் சொல்லாதே.

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. சொல்ல வெட்கமில்லை. கிட்டிப்புள் விளையாடி, அங்கே ஐந்தாவதாக இருந்த நீலக் கண்ணாடியை உடைத்தது நான். அப்பா பிரம்போடு வந்தபோது, "நான்தாம்பா" என்று நீ முன்னால் போய் நின்றாய். அடி வாங்கியது நீ, மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது நான். அப்புறம் பள்ளிக்கூடத்து உடைந்த அலமாரியிலிருந்து அப்பா ஒரு துண்டு பச்சைக் கண்ணாடியை அறுத்து வந்து, மக்கு வைத்துப் பொருத்தினார். உனக்கு அடி விழுந்த இடம் தடித்திருந்தது, ஆனால் நீ சாயங்காலம் தரையில் விழுந்த பச்சை வெளிச்சத்தில் கையை வைத்து, "பாருலே, என் கை இலையாயிட்டு" என்று சிரித்தாய். அந்த அடிக்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதையும் சேர்த்துத்தான் ஒரு போட்டோவாக அனுப்ப நினைத்தேன். அதற்குள் என் கையாலேயே வீட்டுக்கு அம்புக்குறி போட்டுவிட்டேனே.

தெருமுனையில் இறங்கினால் நம் வீட்டு வாசலில் கூட்டம், மணல் குவியல், செங்கல், கொத்தனார். முடிந்தது என்று நினைத்தேன். கிட்டே போனால் யாரும் இடிக்கவில்லை, கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் எண் இருந்த மூலைக்கு முன்னால், ஜன்னலை மறைத்துக்கொண்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சுடலைமாடனுக்குப் பீடம்! அம்பலவாணனின் மனைவி முத்துராணி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "வீட்ட இடிக்கதுன்னா வருவான். மாடன இடிக்க எவன் வாரான்னு பாக்கேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொன்னேன். "அந்த எட்டப் போட்டது நீங்கதானா? மூணு நாளா இந்த வீட்டுல அடுப்பு எரியல, தெரியுமா வே?" என்று பிடித்துக்கொண்டாள். கொத்தனார் கரண்டியோடு நெருங்கி வந்தார். நான் மிஷன் வாத்தியார் மகன், இந்த வீட்டில் பிறந்தவன் என்றேன். அவள் குரல் அப்படியே தணிந்துவிட்டது. "வாத்தியார் வீட்டுப் பிள்ளையா? இப்பவும் இத வாத்தியார் வீடுன்னுதான சொல்லுதாவ. வாசல்ல ஏன் நிக்கிய, உள்ள வாங்க" என்றாள். நாம் காலி செய்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அக்கா.

உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். மணி நாலு. தெருவில் நின்றால் பீடம் ஜன்னலை மறைக்கிறது, ஆனால் மேற்கு வெயில் மாடன் தலைக்கு மேலாக வந்து கண்ணாடியில் இறங்கியது. மூட்டைகளுக்கு நடுவில், அதே இடத்தில், தரையில் நாலு நீலம், ஒரு பச்சை. அம்மாவின் தையல் மெஷின் இருந்த மூலை. அப்பா இருமும் சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, முத்துராணி காப்பி கொண்டுவந்து வைத்து அது ஆறிப்போயிருந்தது. நீ கேட்ட படம் கேமராவில் வந்துவிட்டது. இன்று மதியம் ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இந்தக் கவரிலேயே வைத்து அனுப்புகிறேன். சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண் இருக்கும்வரை பார்.

பெயிண்ட் டப்பாவை ஒழித்துக்கட்டிவிட்டேன். ஏழாம் எண்ணை டர்பன்டைன் வைத்து அழிக்க நேற்றுப் போனேன், அதற்குள் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், எனக்கு வேண்டியதுதான். இன்னொன்று. ஆவணியில் மாடனுக்குக் கொடை விழாவாம். பீடம் வரக் காரணமே நான்தான் என்பதால் எனக்குத்தான் முதல் மாலை என்று அம்பலவாணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். சர்ச் கமிட்டியில் இருக்கிற நான் என்ன பதில் சொல்வது? பியூலா இன்னும் குருவானவரிடம் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதற்கு என்னை இரண்டு நாளாகத் துணி காயப்போட வைக்கிறாள். மதினியான உனக்குத் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். ஆண்டவர் உன் கண்ணுக்கும் எங்கள் முழங்காலுக்கும் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
அடிபடாமல் தப்பிய உன் தம்பி,
அப்பாத்துரை.

பின்குறிப்பு: ஸ்டுடியோவிலிருந்து இப்போதுதான் வந்தேன். கவரில் போட்டோவைத் தேடாதே, இல்லை. கேமராவில் ஏழு படம்தான் இருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை பார்த்துச் சொல்லிவிட்டார். எட்டாவது இல்லை. யோசித்துப் பார்த்தால், கேமரா கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் பொத்தானை அமுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் படம் எடுத்த ஏழும் போய்விட்டது அக்கா, எடுக்காத ஒன்றுதான் நிற்கிறது. அதனால் திரும்பப் போய் எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது, எடுக்க மாட்டேன். நீயே வா. முத்துராணியிடம் போனில் பேசிவிட்டேன், அந்த இடத்தில் இருக்கும் உர மூட்டைகளை நகர்த்திவைப்பதாகச் சொன்னாள். நாலு மணிக்கு நீ அதே இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன், இந்தத் தடவை ஒளிந்துகொள்ள மாட்டேன். ஜாபேஸிடம் இந்த வாரமே டிக்கெட் போடச் சொல். சொட்டு மருந்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.