ஜபருல்லா மாட்டிய ஹாரன்

புது டபுள் ஹாரனைப் பூட்டி ஜபருல்லா பட்டனை அமுக்கினார். பழைய வேனிலிருந்து சளி பிடித்த ஆட்டுக்குட்டியின் சத்தம் வந்தது.

"இதுக்கா காலையிலருந்து வண்டிக்கு அடியிலயே கெடந்தீய?" என்றாள் மனைவி ஹஃபீஸா.

"நான் போட்ட ஸ்பீக்கர் வயரு சன்னமால்லா இருக்கு. ஹாரனுக்குக் கரண்ட் பத்தல."

ராஜபாளையத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த அவருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது மானக்கேடு. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் அனஸின் தென்னந்தோப்பில் விருந்து வேறு. போன தடவை இவர் மாட்டிய லைட் வழியிலேயே கழன்று விழுந்ததை அனஸ் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

வீட்டு வயரிங்கில் மிச்சமிருந்த ஒற்றைக் கம்பி வயரை மாட்டினார். ஹாரன் கணீரென்றது. தெருமுனை தாண்டுவதற்குள் குலுக்கலில் கம்பி முறிந்தது. அதன்பிறகு பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் தானாக அடித்தது.

"என்னங்க, பள்ளத்தை வழிவிடச் சொல்லுதா?"

ஜபருல்லா வயர் கடைக்குப் போனார்.

"வண்டிக்குப் பல இழை உள்ள செம்பு வயருதான் பாய் தாங்கும். தகரத்து ஓட்டையில நுழையிற எடத்துல ரப்பர் போட்டுருங்க" என்றார் கடைக்காரர்.

வயரைப் போட்டார். ரப்பரை மறந்தார்.

ஞாயிறன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ரோட்டில் போகும்போது, தகரத்தில் உரசி வயரின் தோல் கிழிந்தது. ஹாரன் அலறத் தொடங்கியது. நிற்கவில்லை.

"கைய எடுங்க!"

"எடுத்துட்டேன்ட்டி!"

"பேட்டரியக் கழட்டுங்க!"

"ஸ்பேனர் வீட்ல கெடக்கு!"

அலறிக்கொண்டே தோப்புக்குள் நுழைந்தது வேன். விருந்துக்கு வந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடி வந்தார்கள். அனஸ் பாய்ந்து வயரைப் பிடுங்கி எறிந்தான்.

"மச்சான், காட்டோரம் இப்டியா ஹாரன் அடிப்பாக? ஃபாரஸ்ட்காரக உள்ள தூக்கிப் போட்டுருவாக!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை. வனக்காவலர் மலைச்சாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இந்த ஹாரன மாட்டுனது யாரு?"

அத்தனை விரல்களும் ஜபருல்லாவைக் காட்டின. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

"நான்தான் சார்... தெரியாம..."

மலைச்சாமி அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"மேலத் தோப்புல எம்புட்டு வெடி போட்டும் நகராத யானை, இந்தத் தோப்புக்குள்ள எறங்க இருந்துச்சு பாய்; ஒங்க சத்தத்தைக் கேட்டுத்தான் மலையேறி ஓடுது, எங்க ஜீப்புக்கும் ஹாரன இதே மாதிரியே மாட்டிக் குடுங்க!"