சட்டைப் பையில் முளைத்த பயறு

உலகத்தில் எல்லோரும் நிலத்தில் விதைப்பார்கள். அடுத்தவன் சட்டையில் விதைத்த ஒரே மனிதர், நான் பார்த்தவரையில், எங்கள் தேப்பு அண்ணாச்சிதான்.

திருவனந்தபுரத்தில் இஸ்திரிக்குத் தேப்பு என்று பெயர். ஆரியசாலையில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழே தள்ளுவண்டியை நிறுத்தி, சிரட்டைக் கரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். மலையாளம் முழுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். தெரிந்தது பாதி, மீதியைத் தமிழென்றே எடுத்துக்கொள்வார். வம்பு அங்கேதான் வந்தது.

மொட்டைமாடியில் காய்கறி போட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பகல் பூரா தீயக் கட்டிக்கிட்டு நிக்கேன் சார். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது ஈர மண்ணுல கைய வைக்கணும். இல்லன்னா நானும் கரியாயிருவேன்."

எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிறவர், அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

கட்டட ஓனர் மலையாளி. மாடிக்கு ஷீட் போட்டு வாடகைக்கு விடும் யோசனையில் இருந்தவர், அண்ணாச்சியின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நிபந்தனை போட்டார். கிறிஸ்துமஸுக்குள் ஒரு சாம்பாருக்கு வேண்டிய காய் அந்த மாடியில் விளைந்தால் மாடி அண்ணாச்சிக்கு. இல்லையென்றால் ஷீட்.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. மண் நிரப்பிய பைகளை மாடியில் வரிசையாக வைத்துவிட்டு, நாற்று கேட்டு விவசாய ஆபீசுக்குப் போனவர் கொதித்துக்கொண்டு திரும்பினார்.

"தை வந்தா கூப்பிடுதாங்களாம் சார். ஐப்பசியில நட வேண்டியதுக்கு தை மாசம் வரச் சொன்னா விளங்குமா?"

பத்து வருஷமாக இந்த ஊரில் மலையாளிகளோடு குப்பை கொட்டிய நானும் அவரோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினேன்.

நாலாம் நாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தை வந்துவிட்டது என்று ஆபீசம்மா ஃபோன் செய்தாராம். தன்னிடமும் காலண்டர் இருக்கிறது, இன்னும் கார்த்திகையே பிறக்கவில்லை என்று சொல்லி இவர் கட் செய்துவிட்டார். சாயங்காலம் அதை என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓனரின் மனைவி சேச்சி தட்டு நிறையத் தக்காளி நாற்றோடு படியேறினார். இது என்ன என்று அண்ணாச்சி கேட்டார்.

"தை," என்றார் சேச்சி.

மலையாளத்தில் நாற்றுக்குத் தை என்று பெயர். அது எனக்குத் தெரியும் என்பதுதான் இதில் வெட்கக்கேடு. காலையில் இரண்டு பேரும் ஆபீசுக்கு ஓடினோம். ஒரு மிளகாய் நாற்றுகூட மிச்சமில்லை.

அன்று முழுக்க அண்ணாச்சி யார் சட்டையையும் தேய்க்கவில்லை, அடித்தார். மறுநாள் வெண்டை, பயறு, கீரை விதைகளோடு வந்தார். நாளோ குறைவு. மழை ஈரத்தில் விதை அழுகிவிடுமோ என்று பயம். தேய்த்து அடுக்கிய துணியில் இவ்வளவு சூடு வீணாகிறதே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஊறவைத்த விதைகளை ஈரத்துணியில் முடிந்து சட்டைப் பைகளுக்குள் செருகினார். எது யார் சட்டையில் என்பது அவருக்கே தெரியாது.

ஒரு நாள் மீட்டிங்கில் என் நெஞ்சில் ஈரம் பட்டது. வியர்வை என்று நினைத்தேன். பேனா எடுக்கக் கையை விட்டால், முடிச்சு அவிழ்ந்து முளைவிட்ட பயறு மேஜையெல்லாம் சிதறியது. மேனேஜர் என்னையும் பயறையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியே வந்து அண்ணாச்சியை ஃபோனில் திட்டினேன். அரை மணி நேரத்தில் ரிசப்ஷனில் நின்றார். என் மானம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"முளை ஒடியாம இருக்கா சார்?"

அத்தனையையும் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஓனர் மாடியேறினார். பெட்டிச் சாம்பலைத் தின்று வளர்ந்த பயறு முழ நீளத்துக்குத் தொங்கியது. வெண்டையும் இருந்தது. கீரை காடாகக் கிடந்தது. அண்ணாச்சி தேய்த்த சட்டையில் கைகட்டி நின்றார். ஓனர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "தக்காளி எவிடே?" என்று கேட்டார்.

அண்ணாச்சி முகம் செத்துப்போனது.

பின்னாலேயே வந்த சேச்சி தண்ணீர்த் தொட்டி மூலையைக் காட்டினார். "என்டெ தக்காளி அவிடெ உண்டல்லோ. அதும் ஈ மாடிதன்னெ."

ஓனர் ஒரு தக்காளியைப் பறித்துக்கொண்டு படியிறங்கினார். ஷீட் பேச்சு அதோடு முடிந்தது.

தை முதல் தேதி அண்ணாச்சி ஒரு கட்டுப் பயறோடு விவசாய ஆபீசுக்குப் போய், "மேடம், தை வந்தாச்சு," என்று நின்றார். அந்தம்மா வெளியே வந்து நாற்று வண்டியைத் தேடினாராம்.

நான் வீடு மாறி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது போடுவதெல்லாம் தேய்க்கத் தேவையில்லாத சட்டைகள். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் ஒன்றைக் கசக்கி எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போகிறேன். அந்த மனிதரைப் பார்க்காமல் எனக்கு மழைக்காலம் ஆரம்பிப்பதில்லை. இந்த வருஷமும் சட்டையை வாங்கியவுடன் பையைத் தடவினேன். நாலு வெண்டை விதை இருந்தது. மறதியாக விட்டதில்லை. காகிதத்தில் மடித்து, மேலே என் பெயரை எழுதியிருந்தார்.