பன்னிரண்டாம் சோதனையாளர்

கார்முகிலாய்த் திரண்டு, மழையாய் இறங்கி, உயிர்க்குலம் அனைத்தையும் காக்கும் பரம்பொருளின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். அடுத்து வணங்க வேண்டியவர் என் மனைவி. காரணம் கீழே வரும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியனாகிய நான், தெருவுக்குத் தெரு மழையை முன்னறிவிக்கும் செயலி ஒன்றை வெளியிட்டே தீர்வதென்று உறுதி பூண்டேன். மூவர் கூடினோம். நிரல் எழுதியவர் என் மைத்துனர். மேகங்களை வரைந்தவர் கீழ்வீட்டுத் தையற்காரர். ஒவ்வொரு மேகத்தின் ஓரத்திலும் தையல் ஓடியிருந்தது. அலுவலகம், எங்கள் சாப்பாட்டு மேசை. மழைக்காலத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது. மழை வந்த பின் மழையை அறிவித்தால் எவர் சீந்துவார்?

செயலிகளை வெளியிடும் நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது. வெளியிடுமுன் பன்னிரண்டு பேர் சோதனையாளர்களாக, பதினான்கு நாள், இடைவிடாமல் செயலியைத் தம் போனில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மீண்டும் முதல் நாள். பதினொருவர் அகப்பட்டனர். பன்னிரண்டாவதாக என் மனைவியின் போனில் ஏற்றினேன்.

"இதை எடுத்துட்டா என்னங்க ஆகும்?"

"எடுத்துடாதே. மறுபடியும் முதல்லேர்ந்து பதினாலு நாள்."

"அப்படியா."

அந்த 'அப்படியா'வில் இடி இருந்தது. என் செயலி அதை முன்னறிவிக்கவில்லை.

அன்று மாலையே தொடங்கிற்று.

"மாடித் தொட்டியைக் கழுவுறேன்னு எத்தனை மாசமா சொல்றீங்க?"

"இந்த வேலை முடியட்டும்."

"சரிங்க. போன்ல இடமே இல்லை, எதையாவது எடுக்கணும்."

கழுவினேன். மறுநாள் பரண். அடியார்க்கு இறைவன் வைத்த சோதனைகளை அறுபது ஆண்டு பாடி உருகியவன் நான். அவற்றுள் எதிலும் பரண் இல்லை.

பரணிலிருந்து இறங்கிய கையோடு ஒரு சூழ்ச்சி செய்தேன். தையற்காரரின் மனைவியை இரகசியமாகப் பதின்மூன்றாமவராகச் சேர்த்தேன். இனி ஒருவர் விலகினாலும் பன்னிரண்டு தேறும்.

ஆறாம் நாள் காலை.

"என்னங்க, ஜன்னல் கம்பியெல்லாம் துரு. போன்ல வேற இடம்..."

"எடுத்துடு."

நாற்பது ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாகக் கால்மேல் கால் போட்டேன்.

"நிஜமாவா?"

"தாராளமா. நீ இல்லாமலே பன்னிரண்டு பேர் இருக்காங்க."

நிதானமாக எடுத்துவிட்டாள்.

"அந்தக் கூடுதல் ஆள் கீழ்வீட்டு அக்காதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க. எடுத்துட்டா என்ன ஆகும்னு நான் சொல்லிக் குடுத்தேன். அவங்க தொட்டியும் அழுக்காம். தையல்காரர் கழுவ முடியாதுன்னுட்டாராம். இப்பதான், ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்துட்டாங்க."

பட்டியலைப் பார்த்தேன். பதினொருவர். மழைக்குப் பதினைந்தே நாள். உறுதி தளரவில்லை, குரல் மட்டும் தளர்ந்தது.

"அம்மா தாயே, மறுபடியும் போட்டுக்கோ."

"போடுறேன். அக்காவும் போடுவாங்க, பேசிட்டேன்." இரண்டு காகிதங்களை நீட்டினாள். "இது உங்களுக்கு, இது தையல்காரருக்கு. நாளுக்கு ஒண்ணுன்னு ஆளுக்குப் பதினாலு வேலை."

மழைக்கு முந்தைய நாள் செயலி வெளிவந்தது. முதல் மழையை நிமிடம் பிசகாமல் அறிவித்தது. அந்த அறிவிப்பை ஊரே பார்த்தது. நான் பார்க்கவில்லை, பதினான்காவது வேலை பாக்கி இருந்தது.

இதைக் கேட்டோர் அனைவரும் உரிய காலத்து மழையும் உரிய காலத்து வெயிலும் பெற்று, இல்லறம் தழைத்து நீடு வாழ்க.