டியர் பூலோகம்

"வருந்துகிறோம்" என்று தொடங்கிய குறுஞ்செய்தியை நம்பிராஜன் மூன்று முறை படித்துப் பார்த்தார். மூன்றாவது முறையும் வங்கி வருந்திக்கொண்டுதான் இருந்தது. கிரெடிட் கார்டு கிடையாது.

"என்ன போட்டிருக்கான்?" என்று அடுப்படியிலிருந்து பேராச்சி கேட்டாள்.

"விலாசம் ஒத்துப் போகலையாம்."

"யாரோட?"

"என் விலாசம் என் விலாசத்தோட ஒத்துப் போகலையாம்ட்டி."

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் அவர்கள் செம்பூருக்கு வந்திருந்தார்கள். மூன்றாவது மாடி, வாடகை ஃபிளாட். தாராவியில் ஒரு பை தைக்கிற பட்டறையில் நம்பிராஜன் ஸ்டோர் கீப்பர். அங்கே ஜிப்புக்கு ஒரு அட்டை, பக்கிளுக்கு ஒரு அட்டை. வீட்டில் காஸுக்கு ஒரு ஃபைல், கரண்டுக்கு ஒரு ஃபைல். காகிதத்தால் தீராத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நம்பியதில்லை.

கார்டு ஆசை அவருக்குத் தானாக வந்ததல்ல. பேராச்சியின் தம்பி பேச்சிராஜா தாணேயில் இருந்தான். அவன் மகள் ஷாலினிக்கு ஊரில் கல்யாணம். இருபத்துநாலாம் தேதி விடியற்காலை இரண்டு குடும்பமும் ஒரே விமானத்தில் தூத்துக்குடி போவதாக ஏற்பாடு. டிக்கெட் போட்ட அன்றே பேச்சிராஜா ஃபோன் செய்தான்.

"அத்தான், ஏர்போர்ட்ல லவுஞ்ச்னு ஒண்ணு இருக்கு. கிரெடிட் கார்டைத் தேச்சா ரெண்டே ரூவா. இட்லி, பூரி, கேசரி, வயிறு கொள்ளுத மட்டும் திங்கலாம். ஒங்ககிட்ட கார்டு இருக்குல்லா?"

"இருக்கே" என்று சொல்லிவிட்டார் நம்பிராஜன்.

"அப்பச் சரி. இல்லன்னா நாங்க உள்ள இருந்து ஒங்களுக்கு டாட்டா காட்டணும். நல்லாவா இருக்கும்?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் பேராச்சிக்கும் கேட்டது.

"தெனம் முப்பது கிலோ இட்லி மாவு அரைச்சு விக்கவ நான். என்னைய இட்லிக்கு வெளிய உக்கார வச்சிட்டாம்னா, கல்யாண வீட்டுல மைக் போட்டுச் சொல்லுவான். நீங்க எதுக்கு இருக்குன்னு சொன்னிய?"

"இருபத்துநாலுக்குள்ள இருக்கும்."

மாவு வியாபாரம் அவளோடு செம்பூருக்கும் வந்திருந்தது. காசு வந்தால் குரல் கொடுக்கிற சின்னப் பெட்டி ஒன்று அடுப்படி அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அறுபது ரூபாய் வந்துவிட்டதாக 'சாட் ருபயே ப்ராப்த் ஹுவே' என்று அது சொன்ன பிறகுதான் மாவுப் பை கைமாறும். வீடு மாறிய முதல் வாரமே அந்தப் பெட்டியைக் கொடுத்த பேங்குக்கு ஃபோன் போட்டு, புது விலாசத்தைச் சொல்லி முடித்துவிட்டாள் அவள்.

"எழுத்து மூலமாக் குடுக்காம வாய்ல சொன்னா என்னத்துக்கு ஆவும்?" என்று நம்பிராஜன் அன்றைக்குச் சிரித்தார்.

இப்போது அவர் எழுத்து மூலமாகக் கொடுத்தது திரும்பி வந்திருந்தது. மாட்டுங்கா கிளைக்குப் போனார். அங்கே ஸ்மிதா என்ற தமிழ்ப் பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆதார்ல லேபர் கேம்ப், பாஸ்புக்ல லேபர் கேம்ப். அப்ளிகேஷன்ல மட்டும் செம்பூர். கம்ப்யூட்டருக்கு நீங்க ரெண்டு ஆள் சார். போறாத்துக்கு ஒரே வாரத்துல மூணு பேங்க்ல கேட்டிருக்கேள். ஒவ்வொண்ணும் ரெக்கார்டுல ஏறும். என்னமோ அவசரத்துல இருக்கற ஆளுன்னு நினைச்சுக்கும்."

"அவசரந்தானம்மா."

"அதை அதுக்குக் காட்டப்படாது சார். முதல்ல எல்லாத்துலயும் விலாசத்தை மாத்துங்கோ. பேர்ல இனிஷியல் வேண்டாம், முழுசாப் போட்டு மறுபடி அப்ளை பண்ணுங்கோ."

விலாச மாற்றத்துக்கு எல்லா இடத்திலும் மனுக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே நம்பிராஜன் புது விண்ணப்பத்தோடு உட்கார்ந்தார். விண்ணப்பத்தில் 'முதல் பெயர்' என்று ஒரு கட்டம், 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். ஒன்றைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. அவர் பெயர் பூ. நம்பிராஜன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து பட்டறைச் சம்பளச் சீட்டு வரைக்கும் 'பூ' முதலில், நம்பிராஜன் பிறகு. முதலில் வருவதுதானே முதல் பெயர்? ஆகவே முதல் கட்டத்தில் 'பூலோகம்' என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் 'நம்பிராஜன்.' இவ்வளவு சுத்தமாக ஒரு விண்ணப்பத்தை அவர் அதுவரை நிரப்பியதில்லை.

பூலோகம் என்பது அவருடைய அப்பா. காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது.

ஒரு வாரத்தில் 'டியர் பூலோகம், தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று செய்தி வந்தது. அப்பாவுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே என்று நம்பிராஜனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் அவர் பட்டறையில் இருந்த நேரம், விலாசம் சரிபார்க்கிற ஆள் கையில் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"பூலோகம் சாப் ஹை?"

பேராச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் பெயரை அவள் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. காதால் கேட்டே பல வருடம். மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று தன் இந்தியில் தேடி, மேலே போய்விட்டார் என்ற அர்த்தத்தில் "ஊப்பர் கயா" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினான். நான்காவது மாடி, ஐந்தாவது மாடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தான்.

"ஊப்பர் கோயி நஹி ஹை." மேலே யாரும் இல்லையாம்.

"வோ ஊப்பர் நஹி பையா" என்று பேராச்சி சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படத்தில் பூலோகம் மீசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊப்பர்."

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நம்பிராஜனின் ஃபோன் மணி அடித்தது. 'டியர் பூலோகம், தாங்கள் காலமான செய்தி அறிந்து வருந்துகிறோம். குடும்பத்தாருக்கு எங்கள் அனுதாபங்கள். தங்கள் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது.'

வீட்டுக்கு வந்ததும் பேராச்சியை ஒரு பிடி பிடித்தார்.

"அவன் கேட்டது என்னையட்டி!"

"ஒங்களக் கேக்கணும்னா ஒங்க பேரச் சொல்லிக் கேக்கணும். மாமா பேரச் சொன்னா மாமாவத்தான் காட்டுவேன்."

நம்பிராஜன் இதற்கும் ஒரு காகிதம்தான் மருந்து என்று தீர்மானித்து, கீழ் வீட்டுப் பஞ்சாபகேசனிடம் போனார். அவர் அந்தக் கட்டடத்துச் சொசைட்டி, அதாவது குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஏதோ ஒரு கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் ஆங்கிலக் கடிதம் மட்டுமே எழுதி ஓய்வு பெற்றவர்.

"இவ்வளவுதானே? லெட்டர்ல அடிச்சுப் போட்டுடலாம்" என்று அன்றைக்கே டைப் செய்து, முத்திரை குத்தி, தமிழில் அர்த்தமும் சொன்னார். "காலஞ்சென்ற ஸ்ரீ பூலோகம் அவர்களின் குமாரர் எங்கள் கட்டடத்தில் வசித்து வருகிறார் என்று சான்றளிக்கிறேன். எப்படி?"

"காலஞ்சென்றன்னு அவசியம் போடணுமா சார்?"

"போடாம? தகப்பனார் பேருக்கு முன்னாடி லேட் இல்லேன்னா அது என்ன மரியாதை ஓய்?"

கடிதம் போன நாலாம் நாள், நம்பிராஜனின் சேமிப்புக் கணக்கு முடங்கியது. ஐந்தாம் நாள், கணவரின் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டிய படிவங்கள் பேராச்சி பெயருக்கு வந்தன. கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தார்கள்.

நம்பிராஜன் மாட்டுங்காவுக்கு ஓடினார்.

"ஃபீல்டு ரிப்போர்ட்டும் நீங்க இல்லேங்கறது, சொசைட்டி லெட்டரும் இல்லேங்கறது" என்றாள் ஸ்மிதா. "இப்போ நீங்க ஒருத்தர்தான் சார் மாத்திச் சொல்றேள்."

"ஒங்க முன்னால நிக்கேன்ம்மா!"

"நேக்குத் தெரியறது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே? மறுபடி ஆள் அனுப்பச் சொல்றேன். வெள்ளிக்கிழமை காலம்பற வருவா. நீங்க கட்டாயம் ஆத்துல இருங்கோ."

வெள்ளிக்கிழமை என்றால் இருபத்திரண்டு. ஞாயிறு விமானம்.

இந்த முறை நம்பிராஜன் எதையும் விதியின் கையில் விடவில்லை. பட்டறையில் லீவு சொன்னார். வாட்ச்மேன் யாதவுக்குத் தன் பெயரை நாலு தடவை சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்தார். புதன்கிழமையே அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். சுவரில் ஆணியும் ஒரு வெள்ளைச் சதுரமும் மிச்சம். அதுவும் சந்தேகம் கிளப்பும் என்று தோன்றியது. பட்டறை அடையாள அட்டையில் இருந்த தன் முகத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அதே ஆணியில் மாட்டினார். வருகிறவர்கள் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிய வேண்டுமல்லவா?

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைத் துடைத்து, சுவரில் தொங்கும் படத்துக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு முழம் பூ வைப்பது பேராச்சிக்குப் பதினோரு வருடப் பழக்கம். அன்றைக்கு மனசு இரண்டு கல்யாண மாவு ஆர்டரில் இருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்துவிட்டுப் போனது.

நம்பிராஜன் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். கீழிருந்து யாதவின் குரல் கட்டடம் அதிரக் கேட்டது.

"தீஸ்ரா மாலா! நம்பிராஜன் சாப்! ஏக்தம் ஜிந்தா ஹை!" மூன்றாவது மாடி, ஆள் முழுசாக உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கழுத்து அட்டையில் ஃபர்ஸானா என்றிருந்தது. வீட்டைப் பார்த்ததுமே தமிழில் பேசினாள்.

"பேராச்சின்றது நீங்கதானேக்கா? வீட்டுக்காரர் பேரு என்ன?"

இருபத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் பேராச்சி அந்தப் பெயரையும் சொன்னதில்லை. வழக்கம் போலச் சுவரைக் காட்டினாள்.

ஃபர்ஸானா படத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"மாஃப் பண்ணுக்கா. எப்போ?"

படம் மாட்டியதைத்தான் கேட்கிறாள் என்று பேராச்சி நினைத்தாள். "முந்தாநாத்துதான்."

"யா அல்லா!" ஃபர்ஸானாவின் பேனா காகிதத்தில் 'விதவை' என்ற கட்டத்தை டிக் செய்தது.

அந்த நேரம் பார்த்து, கன்னம் நிறைய வெள்ளை நுரையோடு நம்பிராஜன் பாய்ந்து வந்தார்.

"நான்தாம்மா நம்பிராஜன்! உசிரோட இருக்கேன்! எழுதிக்கோ!"

ஃபர்ஸானா இரண்டடி பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டாள். படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பிராஜனும் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மல்லிகை. தான் அவ்வளவு லட்சணமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"அடிப் பாவி" என்றார் பேராச்சியிடம்.

"கை தானாப் போயிட்டுங்க."

"ஏம்மா, அந்தக் காகிதத்த அடி. நான் அப்ளை பண்ணின ஆளு. ஸ்மிதா மேடம் அனுப்பினதுதானே நீ?"

ஃபர்ஸானா காகிதத்தைப் புரட்டினாள். "ஸ்மிதாவா? நான் வேற பேங்க் சார். உங்க பேர்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்லியே. நான் வந்தது அக்காவுக்கு."

பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்துப் பேராச்சியிடம் நீட்டினாள்.

"மாவுப் பெட்டி கணக்குல தினம் வரவு இருக்கு. விலாசம் முதல் வாரமே கரெக்டா குடுத்துட்டீங்க. அதனால நீங்க கேக்காமலே கார்டு வந்திருக்கு. ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ. இங்க ஒரு கையெழுத்து."

பேராச்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடுப்படியில் பெட்டி 'சாட் ருபயே ப்ராப்த் ஹுவே' என்றது. நம்பிராஜனின் கன்னத்து நுரை ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

ஃபர்ஸானா புறப்படப் போனவள், டிக் செய்த கட்டத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, கூட ஒரு ஆளுக்கு ஆட்-ஆன் கார்டு உண்டு. நாளைக்கே கொண்டாந்து தருவேன், லவுஞ்சுலயும் விடுவான். ஆனா ஆள் உயிரோட இருக்கணும். வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?"