ஃபுல்லு அண்ணன் மீட்டுக் கொடுத்த திட்டு

புதுச்சேரியில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் 'ஃபுல்லு' என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

நெல்லித்தோப்பில் மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே, பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடிகிற கடை அவருடையது. கேமரா மெமரி கார்டு விற்பார். கெட்டுப்போன கார்டிலிருந்து படங்களை மீட்டும் கொடுப்பார். நான் அப்போது உப்பளத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் அடிக்கடி ஏதாவது ஒரு கார்டு படுத்துவிடும். தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவேன்.

புதுக் கார்டு கேட்டால் உடனே தரமாட்டார். கணினியில் செருகி, கழுத்துவரை எதையாவது எழுதி நிரப்பி, எழுதியதெல்லாம் திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கைக்கு வரும். வாங்க வந்தவர் அதுவரை எதிர் டீக்கடையில் தவம் கிடக்க வேண்டும். நிரம்பியதும் கடைக்குள்ளிருந்தே "ஃபுல்லு!" என்று தெரு அதிரக் கத்துவார். பெயர் வந்தது அப்படித்தான்.

அந்தக் கத்தலைக் கேட்டு ஒருமுறை, விழுப்புரம் பக்கமிருந்து தாகத்தோடு வந்திருந்த இரண்டு பேர் கடைக்குள் தலையை நீட்டினார்கள்.

"அண்ணே, ஃபுல்லு இருக்கா?"

"இருக்கு. எத்தினி ஜிபி?"

"எது சுறுசுறுன்னு ஏறுமோ அதக் குடுங்க."

"ஃபார்மட் பண்ணித் தரவா?"

"அப்படியே குடுங்கண்ணே. தண்ணி நாங்க கலந்துக்கறோம்."

அவர்களைத் தெருமுனைவரை துரத்திவிட்டு வந்தார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் பழைய கேமராவோடு வந்தார். புதுசாக வாங்கிய பெரிய கார்டு அதில் வேலை செய்யவில்லை. "முசியே, உங்க கேமராவுக்கு ரெண்டு ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது" என்றார் இவர். தாத்தா அதைத் தன் குடும்பத்துக்கே வந்த அவமானமாக எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் திட்டினார். இவர் தமிழில் திட்டினார். திட்டு தீர்ந்ததும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பித்தம் தலைக்கேறுவது ஒரு விஷயத்தில்தான். கார்டு கோளாறானால் கேமரா, "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். செய்தால் கார்டு துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். கேட்டதே என்று யாராவது 'சரி' அழுத்திவிட்டு வந்தால் போச்சு. "ஊட்டக் கொளுத்தவான்னு எவனாவது கேட்டா, சரின்னு தலையாட்டுவியா?" என்று ஆரம்பித்து, தையற்கடை மிஷின் நிற்கும்வரை கத்துவார்.

அப்படிப்பட்டவர் கத்தாமல் இருந்த ஒரு நாளும் எனக்குத் தெரியும். அன்று நான் அந்தக் கடையில்தான் இருந்தேன்.

வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மாவும் அவர் மகள் கலாவும் வந்தார்கள். கூடவே, கலாவின் கல்யாணத்துக்குப் படம் எடுத்த கேமராக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து மாதம்கூட ஆகவில்லை. கலாவின் அப்பா ஆறுமுகம் கடலுக்குப் போய்த் திரும்பும்போது முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, மறுநாள் உடலாகத்தான் கரை சேர்ந்தார். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் அடையாள அட்டையில் பயந்துபோய் விழிக்கிற முகம் ஒன்றுதான்.

"கல்யாணத்துல நெறைய எடுத்தாங்கண்ணே" என்றாள் கலா. "அப்பா புதுச் சட்ட போட்டுக்கினு நின்னாரு. அது போதும்."

கேமராக்காரர் கார்டை நீட்டினார். "கேமராவுல போட்டா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குதுண்ணே. பண்ணிப் பாக்கலாமா?"

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தொடாத. இப்படிக் குடு."

மதியம்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்கள் இருவரும் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. கடைசியில் அவர் கேமராக்காரரைக் கூப்பிட்டார்.

"இத எங்க வாங்கன?"

"சண்டே மார்க்கெட்லண்ணே."

"போலி. மேல நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. உள்ள எட்டுதான் இருக்கு. அது நெரம்புன பெறகு எழுதற மாதிரி நடிச்சிருக்கு. ஒண்ணும் எழுதல."

"எடுத்த ஒடனே ஸ்கிரீன்ல தெரிஞ்சுதேண்ணே!"

"அது கேமரா அதுக்குள்ள வச்சிருந்ததக் காட்டறது. கார்டுக்கு வந்து சேரல."

கேமராக்காரர் அங்கேயே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அஞ்சலையம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். வரிசை வரிசையாக ஃபைல்கள் தெரிந்தன.

"எல்லாம் இருக்கேண்ணே? பேரெல்லாம் வரிசையா இருக்குதே?"

"பேரு இருக்கும்மா. ஆளு இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். தையற்கடையில் மிஷின் அன்றும் நின்றது.

முதல் எட்டு ஜிபி மட்டும் பிழைத்திருந்தது. அதாவது தாலி கட்டுவதற்கு வெகுநேரம் முன்னால் எடுத்தவை. மண்டப வாசலில் கட்டிய வாழைமரம், மடித்து வைத்த நாற்காலிகள், அண்டா, மேடைப் பூ, மணப்பெண் ஜோடனை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆறுமுகம் இரண்டு படத்தில் முதுகு காட்டினார். ஒன்றில் பந்தக்காலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். அப்புறம் ஒரு படம். பனியனோடு, லுங்கியைத் தூக்கிக் கட்டி, ஒரு விரலை நீட்டி, வாயை அகலத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் அத்தனை தெளிவு.

"ஐயோ, இது வாணாம்" என்றாள் கலா. "கேமராவையே திட்றாரு."

அஞ்சலையம்மா திரைக்கு அருகில் குனிந்தார்.

"கேமராவ இல்லடி. நான் இந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். எலுமிச்சம்பழத்த ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன்னு என்னத்தான் திட்றாரு." முந்தானையால் திரையைத் துடைத்தார். "இதே போதும்."

"யம்மா, மால போட்டு இதையா வைப்ப? வர்றவங்க எல்லாரையும் திட்றாப்ல இருக்கும்."

"திட்டட்டும்."

படத்தைப் பெரிதாக்கும் வேலை எனக்கு வந்தது. இறந்தவர் எவராக இருந்தாலும் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் வைத்துவிடுவது வழக்கம். வாயையும் லேசாக மூடிவிடலாமா என்று கேட்டேன். அண்ணனுக்குக் குரல் திரும்பி வந்தது. "அந்தாளு வாயில கைய வச்ச, கைய ஒடிச்சிடுவேன். அந்தம்மாவுக்கு அந்தத் திட்டுதான்டா வேணும்!"

பனியனோடுதான் படம் போனது.

காரியத்துக்கு நானும் அண்ணனும் என் வண்டியில் போனோம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வைத்திருந்த படத்தில், மாலைக்கு நடுவில் ஆறுமுகம் திட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள். பிறகு ஒரு கிழவர், "என்னையும் இப்படித்தான் திட்டுவான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. அதற்கப்புறம் ஆளாளுக்குத் தான் வாங்கிய திட்டைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அஞ்சலையம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "என்னாண்ணே பாக்கறீங்க?" என்றேன்.

"ஃபோகஸ் கரெக்டா இருக்கான்னு பாக்கறன். நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் பிடித்ததில்லை. அரியாங்குப்பம் பாலம் தாண்டினோம். கண்ணாடியில் பார்த்தேன், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நெல்லித்தோப்புக்கு அங்கிருந்து நேர் வழி இருக்கிறது. நான் வண்டியைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பி, காற்றில் அவர் முகம் காயும்வரை மெதுவாக ஓட்டினேன்.