கொட்டலசு ஒட்டாத பெயிண்ட்

படகுக்காரரின் பக்கத்து வீட்டு ஆதிகேசவனோடு சேர்ந்து படகைக் கரையில் கவிழ்த்ததும் யதிராஜன் குனிந்து பார்த்தான். அடிப்பலகை முழுக்கக் கொட்டலசு, மரத்தில் ஒட்டி ஓடு கட்டி வாழும் கடல் பூச்சி. கல்லில் செய்த மொட்டுகள் மாதிரி, விரல் வைக்க இடமில்லாமல் ஒட்டிக் கிடந்தது. அதைத் தடுக்க அவன் கலந்த சிவப்புப் பெயிண்டோ பேருக்குக்கூட இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு டின்னைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து, படகுக்காரர் தேசப்பன் கடலுக்குப் போயிருந்ததால் படகின் அடியில் பூசச் சொல்லி அவர் மனைவி ரோசம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். இன்றைக்கு இருவரும் பொன்னேரிச் சந்தையில். மத்தியானம் மேனேஜர் ராமஸ்வாமி கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஜீப்பில் வருவார். படகு சுத்தமாக இருந்தால் யதிராஜனுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் திருவள்ளூரில் அப்பாவோடு கோயில் மடைப்பள்ளியில் புளியோதரை கிளற வேண்டியதுதான்.

ரயிலில் அவன் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கப்பல்கள் புயலில் உடையும், பனியில் உறையும். கொட்டலசால் வேலை போன கதாநாயகன் ஒருவன்கூட இல்லை.

"இன்னா ஐரே, பேஜாராப் பூட்ச்சா?" ஆதிகேசவன் உளியை நீட்டினான். "சொரண்டி உடு."

ஒவ்வொன்றுக்கும் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுரண்டினான். கொட்டலசு போனது. வெள்ளை வட்டத் தழும்புகள் நின்றன.

"அம்மை போட்ட மாதிரி இருக்கேப்பா."

"ஓலையைக் கொளுத்திக் காட்டு. தழும்பு கருகிடும்."

தழும்பு கருகவில்லை, பலகை இடுக்கில் அடைத்திருந்த தார் உருகிப் பற்றிக்கொண்டது. அணைப்பதற்குள் ஒரு பலகை கரியாகிவிட்டது.

"சேத்தப் பூசு ஐரே. ஒண்ணியும் தெரியாது."

பூசிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

ராமஸ்வாமி படகைப் பார்த்தார். முழங்கைவரை சேறாக நின்றவனைப் பார்த்தார். "என்னய்யா இது?"

யதிராஜன் பின்னால் நகர்ந்து தேசப்பன் வீட்டுக் கதவில் சாய்ந்தான். கதவு வழவழவென்று இருந்தது. "பெயிண்ட் தோத்துப்போச்சு சார். துளி மிச்சமில்லே. அதை மறைக்கத்தான் பார்த்தேன்."

சொன்னதும் ஏனோ நெஞ்சு லேசாகிவிட்டது. போகட்டும், புளியோதரையும் ஒரு தொழில்தானே.

சந்தையிலிருந்து திரும்பி, இதையெல்லாம் கேட்டபடியே வந்த ரோசம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்து, கதவைத் திறக்கச் சாவியை எடுத்து அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"பெயிண்ட்ட ஏன் நைனா கொற சொல்றே? அவ்ளோ நல்ல பெயிண்ட்ட யாருனா உப்புத்தண்ணில போடுவாங்களா? இந்தக் கதவுக்குத்தான் அடிச்சேன். மூணு மாசமாச்சு, ஒரு கொட்டலசு ஒட்டிக்கீதா பாரு."